வேலையை விடப்போகிறவர்

"உங்கட அபிப்பிராயம் என்ன?" என்று வேலையை விடப்போகிறவர் கேட்டுவிட்டால் தப்ப வழியில்லை. கதிரையையும் கிட்ட இழுத்துப் போட்டுவிடுவார். நிரந்தர நியமனம், மாசம் முடிந்தால் சம்பளம், கடைசியில் பென்சன், இவ்வளவையும் உதறிவிட்டுப் பல்கலைக்கழகம் போய் முழுநேரமாகப் படிக்கப்போகிறார். முடிவு எடுத்தாயிற்று. இராஜினாமாக் கடிதமும் எழுதி மேசை லாச்சிக்குள் இருக்கிறது. உங்கள் அபிப்பிராயம் மட்டும்தான் பாக்கி.

நம்மை மதித்துக் கேட்கிறாரே என்று உச்சி குளிரவேண்டாம். காலையில் சலூனில் சவரம் பண்ணும்போதே கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். கழுத்தில் சவரக்கத்தி நிற்கும்போது கேட்கப்படும் கேள்விக்குச் சலூன்காரர் வேறென்ன சொல்வார்? "விட்டிராதீங்க சேர், இந்தக் காலத்தில சர்க்கார் உத்தியோகம் ஆருக்குக் கிடைக்கும்?" அடுத்தது ஓட்டோக்காரத் தம்பி. அவனும் "விடாதீங்க". பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் வாசலில் நிற்கும் காவலாளி, வங்கியில் அடகு நகை நிறுக்கிற பிள்ளை, கல்குடா ஸ்டேஷனில் உதயதேவி ரயிலுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாத கிழவர், எல்லோரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்தக் கிழவர் காது மந்தம். இரண்டு தரம் சத்தமாகக் கேட்டுப் பதில் வாங்கியதாக எங்கள் ஆளே எனக்குப் பெருமையோடு சொன்னார்.

"விடாதீங்க" என்று ஒருவர் சொல்லத் தொடங்கியதும் எங்கள் ஆளின் முகத்தைப் பார்க்கவேண்டும். சம்பள நாளில்கூட அந்த வெளிச்சம் வராது. மெல்லத் தலையாட்டிக் கேட்பார். நடுவில் பேசமாட்டார். "பிள்ளைகள் படிக்குதுகள், லோன் கழியுது, இந்த விலைவாசியில ஒராள் உழைச்சு என்ன செய்யிறது?" என்று மற்றவர் களைத்துப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு, "எல்லாம் சரிதான் தம்பி. மறுகா, அறிவு எண்டு ஒண்டு இரிக்கிதானே" என்பார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவ்வளவு நேரமும் காத்திருந்தது.

ஒரேயொரு தடவை பிசகிவிட்டது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் வழமைபோலக் கேட்டார். அந்த மனுசன் ஐஸ் பெட்டியை இறக்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. "புடிக்கல்லெண்டா விடுங்க சேர்" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஆள் விக்கித்துப் போனார். "விடுங்க எண்டா? குடும்பக்காரன் ஒருத்தனப் பாத்துச் சொல்ற சொல்லா இது? பொறுப்பில்லாத ஆக்கள் தம்பி!" என்று ஒரு கிழமை புலம்பினார். பிறகு மீன் வாங்குவதையே சந்தைப் பக்கம் மாற்றிக்கொண்டார். சந்தையில் விலை கூட. ஆனால் சந்தைக்காரி "விடாதீங்க" கட்சி.

ஒருவரைக் குறித்துச் சொல்லவில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன். அவர் என் பக்கத்து மேசையில் இருப்பது தற்செயல்.

படிக்க ஆசைப்படுவதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். குற்றமே இல்லை. ஆனால் இந்த நாட்டில் உத்தியோகக்காரன் படிப்பதற்கு உத்தியோகத்தை விடத் தேவையில்லை. வேலை பார்க்கிறவனும் குடும்பக்காரனும் படிக்கட்டும் என்றே 1980இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. தலைமையகம் நாவலையில் என்றாலும் மட்டக்களப்பிலும் நிலையம் இருக்கிறது. கல்குடாவில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். இதை நானே விண்ணப்பப் படிவத்தோடு எடுத்துச் சொன்னேன். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "இது வேலைய விடாமப் படிக்கிற ஆக்களுக்கெலுவா?" என்று திருப்பித் தந்துவிட்டார்.

2022இல் நாடு கடனில் மூழ்கி, பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த ஜூன் மாதம் 14/2022 என்றொரு பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. அரச உத்தியோகத்தர் வெளிநாடு போய் உழைக்கவோ, உள்ளூரிலேயே பயனுள்ள வேறு வேலை பார்க்கவோ ஐந்து வருஷம்வரை சம்பளமில்லாத லீவு. சேவை மூப்புக்கும் பாதிப்பில்லை, பென்சனுக்கும் பாதிப்பில்லை. அரசாங்கமே கதவைத் திறந்து "போய்விட்டு வாருங்கள்" என்று சொன்ன மாதிரி. கந்தோரில் சிலர் பெட்டி கட்டினார்கள். இவர் சுற்றறிக்கையைப் பிரதி எடுத்தார், சிவப்புப் பேனையால் கோடிட்டார், கோவையில் போட்டார். "லீவுதானே தம்பி தாறாங்க. விடுறது மாதிரி வருமா?" என்றார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. இவருக்கு ஆசை படிப்பதில் இல்லை, விடுவதில்.

இந்தக் கட்டத்தில் விபுலானந்த அடிகளைத் துணைக்கு அழைப்பார். மட்டக்களப்பில் பிறந்துவிட்டு அடிகளாரை இழுக்காமல் ஒரு பேச்சு முடிக்க ஏலாதுதான். "1922இல சுவாமி மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியையே தூக்கிப் போட்டுட்டுப் போனவர் தெரியுமா?" தெரியும். ஆனால் அவர் போனது பல்கலைக்கழகத்துக்கு அல்ல, மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்கு. படிப்பை அதற்கு முன்பே முடித்துவிட்டார். காரைதீவு மயில்வாகனமாக இருந்த காலத்தில், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சை. 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். பகலில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டே 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. அண்ணாமலையில் 1931இலும், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943இலும் தமிழ்ப் பேராசிரியர் ஆனதெல்லாம் பிறகு வந்தவை. படித்துவிட்டு விட்டவரை, விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று வருஷக்கணக்காக யோசிக்கிறவர் சாட்சிக்கு இழுத்தால் அடிகளார் என்ன செய்வார், பாவம்.

இனி ஒரு விஷயம் சிரிக்காமல் சொல்லவேண்டும். வாகரைப் பக்கம் இருந்து விடியவே பஸ் ஏறி ஒரு கையொப்பத்துக்காக வருகிற சனம் இருக்கிறது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள். வாங்கில் குந்தியிருப்பார்கள். இவரோ ஜன்னலோரம் யாரையாவது பிடித்து அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருப்பார். பத்து மணிக்கு வந்த பெண் ஒரு மணிக்கும் அதே வாங்கில். பன்னிரண்டரைக்குப் பிறகு கோவைகள் ஒவ்வொன்றாக என் மேசைக்கு நகரும். "தம்பி, இத ஒருக்காப் பாத்துடுங்க, எனக்குத் தலை ஓடுதில்ல." விடப்போகிற ஆளிடம் வேலை வாங்குவது முறையில்லை என்று மேலதிகாரியும் நினைத்துவிட்டார். விட்டுத் தொலைந்திருந்தாலாவது அந்த இடத்துக்கு ஒரு பட்டதாரிப் பிள்ளை வந்திருக்கும். நியமனத்துக்காகக் கச்சேரி வாசலில் நின்று கோஷம் போட்ட பிள்ளைகள் எத்தனை பேர். விடவும் மாட்டார், வேலை செய்யவும் மாட்டார். அந்தப் பெண்ணுக்கு இது சொற்சித்திரம் இல்லை, ஒருநாள் கூலி.

திட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் 1990 குறுக்கே வருகிறது.

எங்கள் பகுதிக்குப் பல்கலைக்கழகம் வந்தது பிந்தித்தான். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த இவர் அந்த வளாகத்துக்குள் முதல்முறை கால் வைத்தது 1990இல், தாயோடும் தங்கச்சியோடும், பாயும் பானையுமாக. அந்த வருஷம் வளாகம் அகதி முகாம். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து 158 பேரைக் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. விரிவுரை மண்டபத்தின் சீமெந்துத் தரையில் படுத்திருந்தவர் பிறகு எழுதிய பரீட்சையில் இரண்டு மூன்று புள்ளி குறைந்தது. கிடைத்த உத்தியோகத்தில் ஏறிவிட்டார். இதை அவர் யாரிடமும் அபிப்பிராயம் கேட்கும்போது சொல்வதில்லை. ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சொன்னார், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டு.

போன மாதம் ஒரு தாயும் மகனும் வந்தார்கள். மகனுக்கு உயர்தரப் பெறுபேறு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட மொத்தப் புள்ளி கூடவாம், ஆனால் இசட் புள்ளி குறைவாம். கணக்கில் களவு நடந்துவிட்டதென்று தாய்க்குச் சந்தேகம். எங்கள் கந்தோர் வேலையே இல்லை இது. எங்கள் ஆள் எழும்பினார். மேசையில் கிடந்த றப்பர் முத்திரைகளை எல்லாம் எடுத்து உயரப்படி வரிசையாக நிறுத்தினார்.

"இஞ்ச பாருங்க. உங்கட மகன் எத்தின மார்க்ஸ் எடுத்தான் எண்டதில்ல கதை. அவனோட சேந்து எழுதின பிள்ளைகளுக்குள்ள அவன் எங்க நிக்கான் எண்டதுதான் கதை. லேசான பேப்பரில எல்லாரும் எண்பது எடுத்தா உங்கட எண்பது என்னத்துக்கு? கஷ்டமான பேப்பரில எல்லாரும் நாப்பதில நிக்கக்குள்ள ஒருத்தன் அறுபது எடுத்தா அவன்தான் உசரம்." 2001இலிருந்து பல்கலைக்கழகத்துக்கு இப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள் என்பதையும், நூற்றுக்கு 40 இடம் முழு நாட்டுக்கும் திறமைப்படி, 55 மாவட்ட சனத்தொகைப்படி, மிச்சம் 5 மட்டக்களப்பு மாதிரிப் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்பதையும் அந்த முத்திரைகளைக் கூறு பிரித்தே காட்டினார். வாங்கில் இருந்த சனமெல்லாம் எழும்பி வந்து சுற்றி நின்றது. நானும் பேனையை மூடிவிட்டேன். எந்த விரிவுரையாளரும் இவ்வளவு தெளிவாக எனக்கு எதையும் விளங்கப்படுத்தியதில்லை.

தாய் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். மகன் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு நின்றான். எங்கள் ஆள் விடுவாரா? கதிரை நகர்ந்தது.

"மகன், நானும் வேலைய விட்டுட்டு கெம்பஸ் போய்ப் படிப்பமா எண்டு யோசிக்கன். உங்கட அபிப்பிராயம் என்ன?"

பையன் முகம் மலர்ந்தது. "நல்லம் அங்கிள். என்ன பாடம் செய்யப் போறீங்க?"

சலூன்காரர் இதைக் கேட்டதில்லை. ஓட்டோக்காரத் தம்பி, வங்கிப் பிள்ளை, சந்தைக்காரி, நான், ஒருவரும் கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தார். மூடினார். முத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். பிறகு லாச்சியைத் திறந்து, கடிதத்தை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, அதன் கீழே கிடந்த கோவையை எடுத்து விரித்தார்.

அன்று பின்னேரம் என் மேசைக்கு ஒரு கோவைகூட வரவில்லை.