அப்பத்தா சொல்லும் கதாநாயக லட்சணம்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பிரதிலிபியில காதல் நாவல் எழுதுறியாமே! உங்கம்மா சொன்னா. கதாநாயகனுக்கு ஆறடி ஒயரம், ஆடி காரு, அமெரிக்காவுல படிப்பு, வயித்துல ஆறு கட்டு எல்லாம் குடுத்திருக்கியாம். அப்படியும் படிக்கிற பொண்ணுக ரெண்டாம் அத்தியாயத்தோட ஓடிப்போயிடுறாளுகளாம். ஓடாம என்னடா பண்ணுவாளுக? காரு கம்பெனிக்காரன் பண்ணினது, ஒயரம் சாமி குடுத்தது. பேச்சு மட்டும்தான் நீ குடுத்தது. அவன் வாயைத் திறந்ததும் ஓடியிருக்காளுக.

இந்தக் கெழவிக்குக் காதலைப் பத்தி என்ன தெரியும்னு மூக்கைச் சுளிக்காதே. 1991-ல நம்ம புதுக்கோட்டை ஜில்லாவுக்கு அறிவொளி இயக்கம் வந்துச்சு. ஷீலா ராணி சுங்கத்துன்னு ஒரு கலெக்டரம்மா. கல்லு ஒடைக்கிறவ, களை எடுக்கிறவன்னு எல்லாரும் ராத்திரியில கூடி எழுத்துக் கூட்டிப் படிச்சோம். சைக்கிளும் ஓட்டப் பழகினோம். உங்க தாத்தா ரெண்டுமே பொம்பளைக்கு ஆகாதுன்னாக. நான் அந்தச் சைக்கிள்லயே போயி லைப்ரரியில ரமணிசந்திரன் நாவலை எடுத்துட்டு வந்து, அவுக எதுக்கவே காலை நீட்டிக்கிட்டுப் படிச்சேன். அன்னையிலேருந்து எத்தனை கதாநாயகனைப் பாத்திருப்பேன்! அத்தனை பேரையும் உங்க தாத்தா கட்டில்ல இருக்கும்போதே பாத்தேன். அவுகளுக்குத்தான் தெரியாது.

மொதல்ல இந்தக் காரு, பங்களா விசயத்தைச் சொல்லிடுறேன். குடும்ப நாவல்ல கதாநாயகன் ஏன் எப்பவும் தொழிலதிபராவே இருக்கான்? படிக்கிறவ காசுப் பேயின்னு நீ நினைப்பே. அவ காலையில ரேஷன் கடையில நிக்கிறா. மத்தியானம் கேஸ் சிலிண்டருக்குக் காசு எண்ணுறா. சாயங்காலம் மகளிர் குழுவுல தவணை கட்டுறா. ராத்திரி ஒரு மணி நேரம் புத்தகத்தைப் பிரிச்சா அங்கயுமா காசு எண்ணணும்? அதுக்குத்தான் எழுத்தாளரம்மா அவனுக்கு ரெண்டு மில்லு, நாலு எஸ்டேட்டுன்னு எழுதிவச்சு அந்தக் கவலையை ஒரே வரியில தீத்துடுறாக. கதையில பணம் கவலையைக் கழிக்கத்தான் வருது. காதலைக் கூட்டுறதுக்கு வேற சரக்கு வேணும். மாட்டுச் சந்தையில விக்கிறவன் கொம்புக்குச் சாயம் பூசி வச்சிருப்பான், வாங்குறவன் பல்லைத்தான் புடிச்சுப் பாப்பான். நீ சாயம் பூசுறதுலயே பாதி நாவலை முடிச்சுட்டே.

அடுத்தது கோவம். பொண்ணுகளுக்கு முரட்டுப் பயலைத்தான் புடிக்கும்னு ஒரு கணக்குப் போட்டிருப்பே. இந்த எடத்துலதான் எல்லாப் பயலும் வழுக்கி விழுறான். நாவலைக் கையில எடுக்கும்போதே இது நல்லபடியா முடியும்னு அவளுக்குத் தெரியும். பாதிப் பேரு கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டுத்தான் மொதப் பக்கத்துக்கே வருவாளுக. அவன் மன்னிப்புக் கேக்கப்போறான்னு உறுதியாத் தெரிஞ்சதுனாலதான் அவன் உறுமுறதை வெத்தலை போட்டுக்கிட்டே ரசிக்கிறா. நெசத்துல கடைசிப் பக்கத்தை யாரு பொரட்டிக் காட்டுவா? அதுனால நெசத்துல உறுமுறவனுக்கு மகளிர் போலீஸ் ஸ்டேஷன்தான். இப்ப என்னமோ ஆன்ட்டி ஹீரோ கதைன்னு வருதாமே. கன்னத்துல அறைஞ்சுட்டு, அதுக்குப் பேரு காதல்னு சொல்றானாம். அந்த மாதிரி ஒன்னை நீ எழுதிப் புத்தகமாப் போட்டா எனக்கும் ஒன்னு குடு. அடுப்பு பத்தவைக்க ஆகும்.

நல்ல எழுத்தாளரம்மாக்கள் ஒரு வேலை பண்ணுவாக, நீ கவனிச்சிருக்க மாட்டே. கோவக்காரப் பயலுக்கு வீட்டுல ஒரு பாட்டி வச்சிருப்பாக. தோட்டக்காரர், சமையக்காரம்மா, டிரைவர் அண்ணன்னு நாலு பேரு இருப்பாக. அவன் மத்த முதலாளிக முன்னால நிமிந்து நிப்பான், இந்த நாலு பேருகிட்ட குரலை ஒசத்த மாட்டான். நாயகி அவனை ராட்சசன்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்போது அந்தப் பாட்டிதான் ரகசியத்தை ஒடைப்பா: அவன் தங்கமான புள்ளைம்மா! பாட்டி சாட்சி சொல்லாம நம்ம ஊருல எந்தக் காதலும் கரை சேந்ததில்லை. உன் நாவல்ல பாட்டி இருக்காளா? இல்லைன்னுதான் சொன்னாக. அங்கயே கதை படுத்துருச்சு.

இது நம்ம ஊரு வழக்கம் மட்டும்னு நினைக்காதே. திருச்சியில எம்.ஏ. இங்கிலீசு படிக்கிறாளே உன் அத்தை மக, அவ ஒரு கதை சொன்னா. ஜேன் ஆஸ்டின்னு ஒரு அம்மா 1813-ல போட்ட ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’. அதுல டார்சின்னு ஒரு பய. வருசத்துக்கு 10,000 பவுண்டு வருமானம், ஜமீன் மாதிரி மாளிகை. மொத நாளு ஊரு நடனத்துல எலிசபெத்தைப் பாத்துட்டு, நான் கூட ஆடுற அளவுக்கு இவ ஒன்னும் அழகில்லைன்னு அவ காதுல விழுறாப்புலயே சொல்லிட்டான். அப்புறம் அவனே போயி, உன் குடும்பம் எனக்குக் கீழதான், இருந்தாலும் கட்டிக்கிறேன்கிறான். அவ போய்யான்னுட்டா. 10,000 பவுண்டையும்தான்டா சேத்து அனுப்பிச்சா!

நீயா இருந்தா அன்னைக்கு ராத்திரியே பேஸ்புக்ல சோகப்பாட்டு போட்டிருப்பே. அவன் என்ன பண்ணினான்? தன் மேல சொன்ன குத்தத்துக்கு ஒரு கடுதாசியில விளக்கம் எழுதி அவ கையில குடுத்துட்டு, திரும்பக் கெஞ்சாம போயிட்டான். போனவன் அவ திட்டினதை மனசுல போட்டுப் பெரட்டித் தன்னைத் திருத்திக்கிட்டான். அப்புறம் ஒரு நாள் அவ ஊரு சுத்திப் பாக்க வந்தவளா அவன் மாளிகைக்குள்ள போறா. அங்க வீட்டைப் பாத்துக்கிற வயசான அம்மா ஒருத்தி சொல்றா: சின்னப் புள்ளையிலேருந்து எனக்குத் தெரியும், ஒரு நாளும் என்கிட்ட சுடுசொல்லு பேசினதில்லைன்னு. பாத்தியா, இங்கிலாந்துலயும் சாட்சி பாட்டிதான்!

அந்தக் கதையில இன்னொருத்தன் இருக்கான், விக்காம். பேச்சுன்னா தேனு. பாத்த ஒடனே ஊருக்கே புடிச்சுப்போச்சு. கடைசியில எலிசபெத்தோட பொடிசு தங்கச்சியை இழுத்துக்கிட்டு ஓடிட்டான். டார்சி லண்டன்ல தேடிப் புடிச்சு, அந்தப் பய கடனையெல்லாம் கட்டி, தாலி கட்டவச்சான். வச்சுட்டு, நான் செஞ்சேன்னு எலிசபெத்துக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டான். செஞ்ச காரியத்துக்கு விளம்பரம் தேடாத ஆம்பளை! 200 வருசத்துக்கு மேல அவன் பேரு நிக்கிறதுக்கு இது ஒன்னே போதும். உங்க தாத்தா ஒரு தடவை தண்ணிக்கொடத்தை எறக்கிவச்சுட்டு, அதை ஊருக் கோயில் கொடை வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாக.

அதே அம்மாவோட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத்தான் ராஜீவ் மேனன் 2000-ல ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’னு எடுத்தாரு. கவிதை சொல்றவன் அப்பாஸ். காலு போன பட்டாளத்துக்காரரு மம்முட்டி. கவிதை சொன்னவன், தொழில் கவுந்ததும் வசதியான எடத்துல பொண்ணு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். காலு போனவருதான் கூடவே நின்னாரு. தியேட்டர்ல மொத பாதியில அப்பாஸுக்குப் பெருமூச்சு விட்ட பொம்பளைக அத்தனை பேரும் ரெண்டாம் பாதியில மம்முட்டி கட்சிக்கு மாறிட்டாளுக. நானும்தான். சொல்றதுக்கு என்னடா வெக்கம்?

நம்ம வந்தியத்தேவனை எடுத்துக்க. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950-லேருந்து 1954 வரைக்கும் தொடரா எழுதினாரு. அதுல சோழ ராசகுமாரன் இருக்கான், குத்தங்குறை சொல்ல முடியாத அருள்மொழி. அவனை எல்லாரும் கும்பிடுறாக. மனசைக் குடுக்கிறது வந்தியத்தேவனுக்கு. அவன்கிட்ட என்னடா இருக்கு? நாடு போச்சு, அரண்மனை போச்சு. ஒரு குதிரையும் கையில ஓலையும் நாக்கு நிறையப் பொய்யும்தான். அரிசிலாத்தங்கரையில பொண்ணுக அலறுற சத்தம் கேட்டு ஓடிவந்து முதலை மேல வேலை எறியுறான். அது செத்துப்போயிப் பாடம் பண்ணிவச்ச முதலை! அத்தனை பொண்ணுகளும் சிரிக்கிறாளுக, குந்தவை முன்னால மானம் போச்சு. அவன் உடனே மொகத்தைத் தூக்கிவச்சுக்கிட்டானா? கோடிக்கரையில புதைசேத்துல சிக்கினப்போ பூங்குழலிதான் தூக்கிவிட்டா. ஒரு பொம்பளை கையைப் புடிச்சு மேல வந்துட்டோமேன்னு மீசையை முறுக்கினானா? சோழநாட்டு அரசியலையே கையில வச்சிருக்கிற குந்தவை ஒரு வேலை சொன்னா, ஏன் எதுக்குன்னு கௌரவம் பாக்காம இலங்கை வரைக்கும் போயி முடிச்சுட்டு வந்தான். தன்னைவிடப் புத்திசாலிப் பொண்ணைப் பாத்துப் பயப்படாதவன்டா அவன். தஞ்சாவூரு பெரிய கோயில் கல்வெட்டுலயும் குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரோட தேவின்னுதான் வெட்டிவச்சிருக்காக. குந்தவைக்கு ஏன் இவனைப் புடிச்சுதுன்னு கல்வெட்டு சொல்லலை. கல்கிக்குத் தெரிஞ்சிருக்கு.

அதுக்காகக் கதாநாயகன் கோமாளியா இருக்கணும்னு எழுதிவைக்காதே. நா. பார்த்தசாரதி ‘குறிஞ்சி மலர்’ல அரவிந்தன்னு ஒருத்தனைப் படைச்சாரு. மதுரையில அச்சாபீசுல வேலை, பையில கவிதை எழுதுற நோட்டு. பூரணியோட அறிவையும் அவ பேச்சையும் அவன் மதிச்ச மதிப்பு இருக்கே, அதுக்காகவே ஊருல புள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணின்னு பேரு வச்சாக. தூர்தர்ஷன்ல அது நாடகமா வந்தப்போ நம்ம ஸ்டாலின்தான் அரவிந்தனா நடிச்சாரு. ஆனா அவ்வளவு நல்லவனைக் கதையில உசுரோட விடலை, கொன்னுட்டாரு. எனக்கு அதுல வருத்தம்தான். இருந்தாலும் அத்தனை லட்சியம் பேசுறவனோட குடும்பம் நடத்துறதும் கஷ்டம். வெங்காயம் வாங்கிட்டு வான்னு அவன்கிட்ட எப்படிச் சொல்லுவே?

இப்ப நான் சொல்லவந்த விசயத்துக்கு வாரேன். பணக்காரன் டார்சி, பரதேசி வந்தியத்தேவன், லட்சியக்காரன் அரவிந்தன், எஸ்டேட்டு முதலாளி நாலு பேரு. இவுக அத்தனை பேருகிட்டயும் பொதுவா இருக்கிறது என்ன? குடும்ப நாவலோட கடைசி அத்தியாயத்தைப் பாரு. அதுவரைக்கும் கதை நாயகி கண்ணு வழியாத்தான் ஓடும். அவன் மனசுல என்ன இருக்குன்னு அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. லண்டன்ல 1908-ல ஆரம்பிச்ச மில்ஸ் அண்ட் பூன் கம்பெனியோட பழைய புத்தகங்கள்லயும் பெரும்பாலும் இதான் வழக்கமாம். கடைசியில அவன் வாயைத் திறப்பான். அன்னைக்குக் கோயில்ல நீ மாம்பழக் கலரு புடவை கட்டியிருந்தே, செருப்பு வாரு அறுந்து கையில தூக்கிட்டு வந்தே, உன் பங்கு சுண்டலை ஒரு பொடிப்பயலுக்குக் குடுத்துட்டு ஒன்னும் நடக்காத மாதிரி போனேன்னு வரிசையாச் சொல்லுவான்.

இதுக்காகத்தான்டா அவ முன்னூறு பக்கம் காத்துக்கிட்டு இருந்தா! வீட்டுல அவ புதுப்புடவை கட்டினா யாருக்கும் தெரியாது. சோறு பத்தாம தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்தா யாருக்கும் தெரியாது. கதையில ஒருத்தன் அத்தனையும் பாத்து ஞாபகம் வச்சிருக்கான். அவ சொன்னதைக் காதுல வாங்கியிருக்கான், வாங்கினதுக்குத் தக்கன மாறியிருக்கான். குடும்ப நாவல்ல கட்டாயம் ஒரு காய்ச்சல் அத்தியாயம் வருமே, அதுலயும் அவன் ராத்திரி முழுக்க நெத்தியில ஈரத்துணி மாத்துறதை நாங்க ரெண்டு தடவை படிப்போம். முத்தக் காட்சியை ஒரு தடவை படிச்சா போதும்.

கவனிக்கிறதுன்னதும் பைக்கை எடுத்துக்கிட்டுப் பொண்ணு பின்னாடி சுத்தாதே. அதுக்கு 2013-லயே சட்டம் வந்துருச்சு. வேண்டாம்னு அவ சொன்னதும் வெலகிப்போறதும் கவனிக்கிறதுலதான் சேத்தி. டார்சி போனான் பாரு, அப்படி.

ஆக, உன் கதாநாயகனோட காரை வித்துடு. ஒயரத்துல ரெண்டு அங்குலம் கொறை. வீட்டுல ஒரு பாட்டியைக் குடிவை. நாயகி கேலி பண்ணினா சிரிக்கச் சொல்லு, திட்டினா யோசிக்கச் சொல்லு, அவ பேசும்போது போனைக் கீழ வைக்கச் சொல்லு. ரெண்டாம் அத்தியாயத்தோட ஓடினவள்ல உன் அத்தை மகளும் ஒருத்தி. அவளே திரும்பி வந்து படிப்பா.

அதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை. உங்கம்மாவுக்குப் புடிச்ச கொழம்பு எதுடா? முழிக்கிறியே! இத்தனை வருசம் அவ கையால தின்னுட்டு இது தெரியாதவன் காதல் நாவல் எழுதவும் வேண்டாம், கல்யாணம் கட்டவும் வேண்டாம். மொதல்ல உள்ள போயிக் கேட்டுட்டு வா.