ஆட்டுறது நீ, பழி சாவி மேலயா?

மாப்ளே, கொஞ்ச நாளா உன் மாடியிலிருந்து வர்ற கித்தார் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நான் மட்டுமா, ஜெலுத்தோங் பாசாருக்கு மீன் வாங்கப் போறவங்க எல்லாரும் கேக்குறாங்க. பாட்டு நல்லாத்தான் ஆரம்பிக்குது. நடுவுல கித்தார்ல இருக்கிற அந்த ஆட்டுற கைப்பிடியைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்குற பாரு, அதுக்கப்புறம் வர்றது வேற யாரோ வாசிக்கிற வேற ஏதோ பாட்டு.

கித்தார் தலையில இருக்கிற ஆறு சாவியும் மட்டம், வெளிநாட்டுச் சாவி வாங்கிப் போட்டாத்தான் சுருதி நிக்கும்னு உங்கம்மாகிட்ட வெள்ளி கேட்டியாமே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் விஷயத்துல கூடம் நெஜமாவே கோணல்தான், ஒத்துக்கிறேன். ஆனா கோணல் சாவியில இல்ல. சாவி பாவம், திருப்பி விட்ட இடத்துலயே நிக்குது. உள்ள இருக்கிற சக்கரத்துப் பல்லைத் தாண்டி அது தானா பின்னால சுத்துறது லேசுல நடக்காது.

கைப்பிடி ஆட்டுற பித்து உன்னோட ஆரம்பிச்சதுன்னு நெனச்சுக்காத. லியோ ஃபெண்டர்னு ஒரு அமெரிக்கக்காரர், ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர், 1954ல கைப்பிடி வச்ச ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரைக் கொண்டு வந்தார். அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது. தெரியாதவர் செஞ்சது ஒழுங்கா வேலை செய்யுது, தெரிஞ்ச நீ அதைக் கெடுக்குற. 1959ல இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டு அதுல ஒண்ணை அமெரிக்காவுல இருந்து வரவழைச்சு, தன்னோட வாசிச்ச கித்தார்க்காரர் ஹாங்க் மார்வின் கையில குடுத்தார். மறுவருஷம் மார்வினோட ஷேடோஸ் குழு வாசிச்ச 'அப்பாச்சி' வந்துச்சு. 1961ல அவங்க சிங்கப்பூர்ல வந்து வாசிச்சுட்டுப் போனதும் இந்தப் பக்கம் வீதிக்கு வீதி கித்தார் குழு முளைச்சுது. மலாய்க்காரங்க கூகிரான்னு சொல்றது அதைத்தான். நம்ம பினாங்குத் தமிழ்ப் பிள்ளைங்களும் சும்மா இருக்கல. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் அல்லிகேட்ஸ்னு குழு வச்சு, மலாய்ப் பாட்டாலயே நாடு முழுக்கப் பேர் வாங்கினாங்க. அதனால சுருதி நிக்காததுக்கு ஊர் மேலயும் பழி போட முடியாது உனக்கு.

சரி, கித்தாரைக் குப்புறப் போடு. முதுகுல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டு. உள்ள என்ன இருக்கு? மூணு ஸ்பிரிங், சில கித்தார்ல அஞ்சு. வாங்கின நாள்ல இருந்து நீ பார்த்ததே இல்லைல்ல? முன்னால ஆறு கம்பி இழுக்குது, பின்னால ஸ்பிரிங் இழுக்குது. கயிறு இழுக்கிற போட்டியில ரெண்டு கட்சியும் சரிசமமா நின்னு கயிறு அசையாம இருக்கும் பாரு, கம்பியோட அடிமுனை மாட்டியிருக்கிற உன் பிரிட்ஜ் அந்தக் கயிறுதான். பத்து நம்பர் கம்பி செட்டுன்னா முன்கட்சி இழுப்பு மொத்தம் 46, 47 கிலோ. ஒன்பது நம்பர்னா 38 கிலோ கிட்ட. போன மாசம் நோகாம வளையணும்னு ஒன்பதுக்கு மாத்துன, ஸ்பிரிங்கைத் தொடல. முன்கட்சியில எட்டு கிலோ குறைஞ்சா என்ன ஆகும்? ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால இழுத்து உடம்போட அமுக்கி உக்கார வச்சிடும். ஸ்பிரிங் மாட்டியிருக்கிற நகம் மாதிரித் தகட்டுல ரெண்டு பெரிய ஸ்க்ரூ இருக்கு. ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி, சுருதி சேர்த்துப் பாரு. பிரிட்ஜோட பின்பக்கம் மூணு மில்லிமீட்டர் போல தூக்கி நின்னா போதும்.

சுருதி சேர்க்கிறதும் உனக்கு ஆறு பேருக்குச் சாப்பாடு போடுற வேலை இல்ல, ஒவ்வொண்ணா முடிச்சுட்டு நகர்றதுக்கு. மிதக்கிற பிரிட்ஜில ஒரு கம்பியை ஏத்தினா மத்த அஞ்சும் இறங்கும். ஆறையும் ஒரு சுத்து சேர்த்து, திரும்பவும் முதல்ல இருந்து வா. மூணாவது நாலாவது சுத்துலதான் அடங்கும். எப்பவும் கீழ இருந்து மேல ஏத்தி நிறுத்து. தாண்டிப் போயிட்டா நல்லா இறக்கிட்டு மறுபடி ஏத்து.

இப்ப கள்ளன் ஒளிஞ்சிருக்கிற இடத்துக்கு வர்றேன். கழுத்து முடிஞ்சு தலை ஆரம்பிக்கிற இடத்துல வெள்ளையா ஒரு கட்டை, நட்டுன்னு சொல்றாங்களே, அதோட பள்ளத்துல கம்பி மாட்டிக்குது. சாவியைத் திருப்பும்போது டியூனர் முள் நகராம நின்னு, திடீர்னு 'டிங்'னு ஒரு சத்தத்தோட தாவுதா? அதான் அவன். கைப்பிடியை அமுக்கி விட்டதும் சுருதி ஏறி நிக்குதா, விரலால கம்பியை வளைச்சு விட்டதும் இறங்கி நிக்குதா? அதுவும் அவன்தான். போன கம்பி திரும்பி வரும்போது அந்தப் பள்ளத்துல பாதியில நின்னுடுது. மூணாவது கம்பிதான் இதுல ரொம்ப அடம்.

மருந்து, உன் தங்கச்சி பள்ளிக்கூடப் பையில இருக்கு. 2பி பென்சில். கம்பியைக் கொஞ்சம் தளர்த்திப் பள்ளத்தை விட்டு எடுத்து வச்சுட்டு, உள்ள கரியை நல்லாத் தீத்து. தலையில கம்பியை அமுக்கிப் பிடிக்கிற சின்னக் கொக்கிக்கு அடியிலயும் தீத்து. பிரிட்ஜ் சாயுற முனைக்குப் பென்சில் வேண்டாம், ஒரு துளி வாசலின் போதும். ஜெலுத்தோங் மரத்துல பென்சில் செய்வாங்கன்னு தெரியுமா உனக்கு? ஊருக்குப் பேர் குடுத்த மரமே உனக்கு வைத்தியம் பண்ணக் காத்திருக்கு, நீ வெளிநாட்டுச் சாவிக்கு ஆலாப் பறக்குற. பென்சிலுக்கும் அடங்காத பள்ளம்னா அது கம்பிக்குப் பத்தாத பள்ளம். அதை அரம் வச்சிருக்கிறவன்கிட்டக் குடு, உங்கப்பா நகவெட்டியை எடுக்காத.

அப்புறம் உன் கம்பி. அதுக்குப் பேர் கம்பியா? கடல் இங்கருந்து கூப்பிடு தூரம். உப்புக்காத்து ஒரு பக்கம், உன் கை வேர்வை ஒரு பக்கம், தொட்டா விரல்ல துரு ஒட்டுது. துரு ஏறின கம்பி பள்ளத்துல வழுக்காது, சுருதியும் சொல்பேச்சு கேக்காது. வாசிச்சு முடிச்சதும் ஒரு துணியால துடைக்கிறது அவ்வளவு கௌரவக் குறைச்சலா? புதுக் கம்பி போட்டா சாவியில ரெண்டு மூணு சுத்துக்கு மேல சுத்தாத. போட்ட கையோட ஒவ்வொண்ணையும் விரலால தூக்கி இழுத்து விட்டு, திரும்பச் சேரு. இறங்குறது நிக்கிற வரைக்கும் அதையே செய். ஏர்கண்டிஷன் அறையில சுருதி சேர்த்துட்டு நேரா மேடை விளக்குச் சூட்டுல வந்து நிக்காத. சூட்டுல கம்பி நீளும், சுருதி இறங்கும். அரை மணி முன்னாடியே கித்தாரை மேடைக்குக் கொண்டு போய் வச்சு, அங்க வச்சுச் சேரு.

இவ்வளவும் வேண்டாம் மாமா, பூட்டுப் போட்ட மாடல் வாங்கிடறேன்னு சொல்லுவ. ஃப்ளாய்டு ரோஸ்னு ஒருத்தர் 1970களோட கடைசியில செஞ்ச வேலை அது. நட்டு, பிரிட்ஜ் ரெண்டு பக்கமும் கம்பியைக் கவ்விப் பிடிச்சுக்கும், எவ்வளவு ஆட்டினாலும் நிக்கும். நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனா மேடையில ஒரு கம்பி அறுந்தா மிச்சம் அஞ்சும் ஏறிடும், ஆலன் கீ தேடி நீ தரையில தவழணும். நாலு வெள்ளி டியூனரையே ரெண்டு தடவை தொலைச்ச ஆளு நீ.

இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அந்தக் கைப்பிடி உனக்கு எதுக்கு? மாண்டலின் ஸ்ரீனிவாஸ் அஞ்சு கம்பி எலெக்ட்ரிக் மாண்டலின்ல கமகத்தை விரலாலயே குழைச்சார், ஆட்டுறதுக்கு அதுல ஒண்ணும் கிடையாது. உன் மிதக்கிற பிரிட்ஜில ஒரு கம்பியை வளைச்சா, கூட ஒலிக்கிற மத்த கம்பி இறங்கிடும், கமகம் அழுகையா வரும். கல்யாண வீட்டுல நீ வாசிக்கிற பத்துப் பாட்டுல கைப்பிடி வேணும்கிறது எத்தனை? ஒண்ணு. அதுவும் நீ சேர்த்துக்கிட்டது. அதனால முதுகுக் குழியில, ஸ்பிரிங்குக்கு எதிர்ப்பக்கம், பிரிட்ஜுக்கு அடியில இருக்கிற இரும்புக் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல சரியான அளவுல ஒரு மரத்துண்டைச் செருகிடு, இல்லைன்னா அந்த ரெண்டு ஸ்க்ரூவையும் முறுக்கிப் பிரிட்ஜை உடம்போட உக்கார வச்சிடு. பிரிட்ஜ் நகராது, பாதித் தொல்லை அதோட தீரும். ஆசை வந்தா எப்ப வேணும்னாலும் திரும்பப் பழையபடி பண்ணிக்கலாம்.

பெரிய திருப்புளி என்கிட்ட இருக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்க. வரும்போது போன தீபாவளிக்கு வாங்கிட்டுப் போன சுத்தியலையும் கொண்டு வா.