கட்டடத்தின் மூச்சைக் கெடுக்க ஆறு எளிய வழிகள்

அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்கோ அரசு அலுவலகத்துக்கோ நீங்கள் பராமரிப்புப் பொறுப்பாளராகப் போய்ச் சேர்ந்தால், சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் ‘உஸ்’ என்று மெல்லச் சீறுவதைக் கேட்கலாம். பயப்பட வேண்டாம், அது காற்றில் ஓடும் கருவி. விஸ்கான்சின் மாநிலத்தில் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-இல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1895-இல் காற்றழுத்தத்தால் அறைக்கு அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கும் வாங்கினார். அவருடைய கைவரிசை இன்றும் பல கட்டடங்களில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

எதிரியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டுக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்று உண்டு. அறை சூடானால் அது வளைந்து ஒரு சிறு துளையை மூடும். கசிய வழியில்லாத காற்று குழாயில் அழுத்தமாக ஏறும். அறை குளிர்ந்தால் தகடு விலகும், அழுத்தம் இறங்கும். 3 முதல் 15 பிஎஸ்ஐ வரை ஏறி இறங்கும் இந்த அழுத்தம்தான் உத்தரவு. மறுமுனையில் ஒரு ரப்பர் சவ்வு அதற்கேற்ப உப்பி வால்வைத் தள்ளும். அறைக்குள் மின்கம்பிகூட வேண்டாம், காய்ந்த சுத்தமான காற்று போதும். ஆகவே கெடுக்க வேண்டியதும் அதைத்தான்.

1. தொட்டியைத் திறக்காதீர்கள்

அடித்தளத்தில் கம்பிரசர் அமுக்கும் காற்றில் ஈரம் இருக்கும். அது தண்ணீராகித் தொட்டியின் அடியில் தேங்கும். அங்கே ஒரு வடிகால் குழாய் இருக்கிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். காற்றை உலர்த்தும் கருவியின் மேல் பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். கம்பிரசரின் பிஸ்டன் வளையம் தேய்ந்து எண்ணெயும் சேர்ந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் குழம்பு, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத துளைகளைத் தேடிப்போய் அடைக்கும். எண்ணெய் ஒருமுறை மேல்மாடி வரை ஏறிவிட்டால், அதைத் திரும்ப இறக்க யாராலும் லேசில் ஆகாது.

2. கசிவைத் தேடாதீர்கள், கம்பிரசரை மாற்றுங்கள்

ஆரோக்கியமான கம்பிரசர் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடி, மீதி நேரம் ஓய்வெடுக்கும். உங்களுடையது ஓயாமல் ஓடினால் இன்னும் பெரிதாக ஒன்று வாங்குங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பிவிடும். ஆனால் சோப்புத் தண்ணீருக்கு டெண்டர் விட முடியாதே! காற்று அடியோடு தீர்ந்தாலும் கவலையில்லை. குளிரில் குழாய் உறைந்து வெடிக்கக் கூடாது என்பதற்காக, காற்று போனால் சூடேற்றும் வால்வு தானாகத் திறந்துகொள்ளும்படிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். ஜூலை மாதத்திலும் கொதிகலன் ஓடும் கட்டடமானால் ஊழியர்களுக்கு இலவச வேது கிடைக்கும்.

3. முகம் பார்த்து வாங்குங்கள்

தெர்மோஸ்டாட்டில் இரண்டு ஜாதி. அறை சூடானால் அழுத்தத்தை ஏற்றுவது ஒன்று, இறக்குவது மற்றொன்று. வெளியே மூடி ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே பொறித்த எழுத்தைப் படிக்காமல் மாட்டிவிடுங்கள். அறை வேகவேக அது இன்னும் சூடு கேட்கும்.

4. புகாரை வைத்துத் திருகுங்கள்

இது நுட்பமான வழி. சூடேற்றும் வால்வு 3 முதல் 8 பிஎஸ்ஐ-க்குள் மூடிக்கொள்ள வேண்டும், குளிர்விக்கும் வால்வு 8 முதல் 13-க்குள் திறக்க வேண்டும். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும், 8 தான் எல்லைக்கல். அழுத்தமானியை மேசை டிராயரில் பூட்டிவிட்டு, வால்வு ஸ்பிரிங்குகளைக் கண்ணளவில் திருகினால் எல்லைக்கல் நகர்ந்துவிடும். பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கும். ஒரே காற்றைக் கொதிகலன் சூடாக்கும், குளிரூட்டி குளிர்விக்கும். அறையோ ஜம்மென்று 72 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும். ஒருவரும் புகார் சொல்லமாட்டார்கள், பாராட்டுக் கடிதம்கூட வரலாம்.

5. மேலே ஒரு கம்ப்யூட்டரை வையுங்கள்

நிர்வாகம் நவீனமயம் கேட்டால் தயங்காதீர்கள். திரையும் சென்சாரும் புதிதாக வரட்டும். கடைசிக் கட்டத்தில் மின் சைகையைக் காற்றழுத்தமாக மாற்றும் சிறு கருவி ஒன்றை வைத்து, கிழிந்த பழைய ரப்பர் சவ்வையே மறுபடி வேலை வாங்குங்கள். ‘வால்வு 40 சதவீதம் திறந்துள்ளது’ என்று திரை பச்சையில் சொல்லும். திரை சொல்வது தான் இட்ட உத்தரவை. வால்வு என்ன செய்தது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

6. அந்த ஆளை அனுப்பிவிடுங்கள்

மேலே சொன்ன ஐந்தையும் பாழாக்கக்கூடிய ஒருவர் அடித்தளத்தில் இருப்பார். காலையில் வந்ததும் வடிகாலைத் திறந்து தண்ணீரை விடுவார். கம்பிரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். சட்டைப் பையில் அழுத்தமானி வைத்திருப்பார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், பதவியையே ஒழித்துவிடுங்கள். அவர் சம்பளம் ஆண்டறிக்கையில் மிச்சம் என்று வரும். எரிவாயு பில் வேறு பக்கத்தில்தானே வருகிறது!