பாதி அரைத்த மாவு

சதுரங்கத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். குதிரை கோணலாகப் போகும். ராஜா மாட்டினால் ஆட்டம் முடிந்தது. இந்த ஞானத்தை வைத்துக்கொண்டுதான் 2023 ஆகஸ்டில் பிரக்ஞானந்தா, கார்ல்சன் மோதிய உலகக் கோப்பை இறுதிப் போட்டியை, அடுப்படியில் கடுகு டப்பாமேல் செல்போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தேன். பலகைக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்கும். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. எனக்குப் பலகையே தேவையில்லை, பட்டை போதும். நம்ம பையன் கறுப்பா வெள்ளையா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை கேட்காமல் விட்டு, கால் மணி நேரம் எதிராளி ஜெயிக்க முருகனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குச் சதுரங்கம் நன்றாகத் தெரியும். அதனாலேயே அவரால் ரசிகராக இருக்க முடிவதில்லை. எட்டிப் பார்ப்பார், "சமமாத்தான் இருக்குது, டிரா ஆயிரும்" என்பார், பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான். பதற வேண்டிய பொறுப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது.

அந்த மாதம் எனக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ஆகஸ்ட் 10 அன்று ரஜினியின் 'ஜெயிலர்' வந்தது. தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சி கிடையாது, முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான். அதாவது சரியாக ஆபீஸ் நேரத்தில். சில தனியார் நிறுவனங்கள் அன்றைக்கு லீவே விட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் அலுவலகத்தில் நாகரிகம் அந்த அளவுக்கு வளரவில்லை. சொந்தத்தில் காதுகுத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். மறுநாள் என் குரலைக் கேட்ட மேலாளர், "காது குத்துனது கொழந்தைக்கு, தொண்டை கட்டுனது உங்களுக்கா?" என்றார். 72 வயதில் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றினால் 46 வயதில் எனக்கு விசில் வருகிறது. இதை எந்தப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது?

அதே ஆகஸ்ட் 10-ம் தேதிதான் பிரக்ஞானந்தாவுக்கு 18 வயது நிறைந்தது. பிற்பாடு, 2024-ல், குகேஷ் சதுரங்க உலக சாம்பியன் ஆனது டிசம்பர் 12, ரஜினியின் பிறந்தநாள். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "உனக்கு வேற வேலை இல்லைன்னு தெரியுது" என்றார். பொருத்தம் பார்க்கத் தெரியாத மனிதர்.

ஆகஸ்ட் 23, புதன்கிழமைக்கு வருகிறேன். செல்போனில் பாக்குவில் நடந்த இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம். ஹாலில் டிவியில் நிலாவில் இறங்கப்போகும் சந்திரயான்-3. கிரைண்டரில் இட்லி மாவு. மூன்றுக்கும் பொறுப்பாளி நான்.

என் மாமியாரின் பிறந்த ஊர் சித்தம்பூண்டிப் பக்கம். நிலாவின் மேட்டுப் பகுதியில் இருப்பது போன்ற பாறை அங்கேயும் குன்னமலையிலும் கிடைக்கிறது. அதைப் பொடித்த மண்ணைக் கொட்டி, அதன்மேல்தான் இஸ்ரோ தன் சோதனைகளை நடத்தியது. அதுவரை முட்டைக்கும் லாரிக்கும் மட்டும் பேர்போன நாமக்கல் மாவட்டத்துக்கு இது பெரிய ஏற்றம். அத்தைக்கோ இது வீட்டு விஷயம். "எங்கூரு மண்ணுல ஓட்டிப் பழகுன வண்டி கண்ணு, தடுமாறாது" என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்கியபோது மணி நள்ளிரவைத் தாண்டி ஒன்றே முக்கால், அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். 2.1 கிலோமீட்டர் உயரம்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது, அப்புறம் தொடர்பு போய்விட்டது என்று அறிவித்தார்கள். "என்னை எழுப்பியிருந்தீன்னா எறங்கியிருக்கும்" என்று நாலு வருஷமாக எனக்குக் குத்தல். இஸ்ரோ குழு போட்டு ஆராய்ந்து வேறு காரணங்கள் சொன்னது. எங்கள் வீட்டில் அந்த அறிக்கை எடுபடவில்லை.

5.44-க்கு இறக்கம் தொடங்கியது. திரையில் வளைந்த கோடு ஒன்று, அதில் நகரும் ஒரு புள்ளி, பக்கத்தில் ஓடும் எண்கள். தொடங்கும்போது வேகம் நொடிக்கு 1.68 கிலோமீட்டர். அது பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும். நாலு நாளைக்கு முன்னால்தான் ரஷ்யாவின் லூனா-25 நிலாவில் மோதி நொறுங்கியிருந்தது. அத்தை சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு டிவியைப் பார்த்தார், பிறகு அடுப்படியைப் பார்த்தார்.

"கண்ணு, அந்தக் கிரைண்டர நிறுத்து. அதிருது."

"அத்தை, அது இங்க அதிருதுங்க. அது எறங்கறது நெலாவுலங்க."

"நிறுத்துன்னா நிறுத்து. எறங்கட்டும், அப்பறம் ஆட்டிக்கலாம்."

நிறுத்தினேன். சிரித்துக்கொண்டேதான் நிறுத்தினேன். ஆனால் நிறுத்தியபின் செல்போனையும் கவிழ்த்து வைத்தேன். பட்டை ஏறி இறங்குவதுகூட எங்கேயாவது போய் இடிக்குமோ என்று ஒரு பயம்.

இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கடைசி இருபது நிமிடம் பெங்களூரில் இருந்த இஸ்ரோகாரர்களாலும் எதுவும் செய்ய முடியாது. லேண்டர் தானே பார்த்து, தானே முடிவெடுத்து இறங்க வேண்டும். வருஷக்கணக்காக உழைத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப்போலவே திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்துக்கு அவர்களும் ரசிகர்கள்தான். என்ன, அவர்களுக்கு எண்கள் புரியும். அதுவும் ஒரு கஷ்டம்தான், பாவம்.

6.04. கைதட்டல். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றதும் எனக்கு அவர் பக்கத்துத் தெருக்காரர் ஆகிவிட்டார். நாமக்கல்லுக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எத்தனை டோல்கேட் என்பதெல்லாம் அந்த நேரத்தில் கணக்கில் வராது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பையன் பத்தரமா எறங்கிட்டானா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லேண்டருக்குள் இருக்கும் குட்டி வண்டிக்குப் பெயர் பிரக்யான். சதுரங்கப் பையன் பிரக்ஞானந்தா. இரண்டு நாளாக அத்தை இருவரையும் ஒருவராக்கி, நிலாவுக்கு அனுப்பி, பத்திரமாக இறக்கியும் விட்டார். அவிழ்த்து விளக்க எனக்கு மனம் வரவில்லை. செல்போனைத் திருப்பினால், 30 நகர்த்தலில் டிரா என்று கைகுலுக்கி எழுந்துவிட்டிருந்தார்கள். வாசலில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை அவர், அதுதான் எரிச்சல்.

கிரைண்டரைத் திரும்பப் போட எல்லாருமே மறந்துபோனோம்.

மறுநாள் காலை இட்லி மண்ணாங்கட்டியாக வந்தது. நறநறவென்று மென்றுகொண்டிருந்தபோது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொழுந்தனார் குரல் செய்தி போட்டார்: "பிரக்யான் வெளிய வந்தாச்சு!" அத்தை கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டார். "அய்யய்யோ, காத்தாலயே தோத்துட்டானா?"

இனிமேல் மறைக்க முடியாது. வண்டி வேறு, பையன் வேறு. வண்டி நிலாவில் ஓடுகிறது, பையன் இன்றைக்கு டைபிரேக் ஆடுகிறான் என்று விளக்கினேன். வெளிநாடு போகும்போது அவன் அம்மா குக்கர் கொண்டுபோய் ரசம் வைத்துச் சோறு போடுவதையும், கார்ல்சனுக்கு ஏதோ சாப்பிட்டு ஒத்துக்கொள்ளாமல் போனதையும் சொன்னேன். அத்தை உடனே தெளிவாகிவிட்டார். எங்கள் வீட்டிலேயே ஆட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்று அப்போது பட்டது.

"அப்பறமென்ன? நம்ம பையனுக்கு அம்மா சோறு. அவனுக்கு ஓட்டல் சோறு. நாமதான்."

சாயங்காலம் டைபிரேக்கில் முதல் ஆட்டம் கைநழுவியது. அடுத்தது டிரா. கோப்பை கார்ல்சனுக்கு. இறுதிக்கு வந்ததாலேயே பையன் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டான், இது பெரிய விஷயம் என்று வீட்டுக்காரர் வாசலிலிருந்தே ஆறுதல் சொன்னார். நான் செல்போனைக் கடுகு டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வெள்ளைக்காரப் பையனுக்கு வயித்து நோவு நின்னுருச்சாட்ட இருக்குது" என்றார். "யாரோ ரசம் குடுத்துட்டாங்க."