முழங்கையைக் கேட்டுக் கட்டுங்கள்

கேள்வி: புது வீட்டில் சமையல் மேடை 36 அங்குலம். என் உயரம் 4 அடி 11 அங்குலம். பத்து தோசை வார்ப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. ‘போகப் போகப் பழகிவிடும்’ என்கிறார் கட்டிக்கொடுத்தவர். பழகுமா?
– தாம்பரம் வாசகி

பதில்: பழகாதும்மா. 36 அங்குலம் என்பது உங்களைவிட அரை அடி உயரமானவருக்குப் பொருந்தும் அளவு. அவர் வந்து உங்கள் வீட்டில் தோசை வார்க்கப் போவதில்லை.

கணக்கு எளிது. வீட்டில் எப்படி நிற்பீர்களோ அப்படி நின்று கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நாலு முதல் ஆறு அங்குலம் கழியுங்கள். அதுதான் உங்கள் மேடை. உங்கள் உயரத்துக்கு முழங்கை ஏறக்குறைய 37 அங்குலத்தில் இருக்கும். ஆகவே 31 முதல் 33 அங்குலம் போதும். இதில் பலரும் மறப்பது அடுப்பை. மேடைமேல் அடுப்பு நாலைந்து அங்குலம் ஏறும், அதன்மேல் தோசைக்கல். கரண்டி பிடித்த கை காதுக்குப் போட்டியாக உயர்ந்தால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்? கட்டும்போதே அடுப்புப் பகுதியை மட்டும் நாலு அங்குலம் இறக்கிவிட வேண்டும். சிங்க் பக்கம் நேர்மாறு: பாத்திரம் தேய்க்கும் கை தொட்டிக்குள் ஏழெட்டு அங்குலம் கீழே போவதால், அந்த இடம் சற்று உயர்ந்திருந்தால் இடுப்புக்கு நல்லது.

கட்டி முடித்துவிட்டீர்களே, இடிக்க வேண்டாம். மூன்று அங்குல உயரத்தில் மரப்பலகை மேடை ஒன்று செய்யச் சொல்லுங்கள். இரண்டடி அகலம், நீளம் மட்டும் சமையல் மேடையின் முழு நீளம். மணைக்கட்டை மாதிரி சின்னதாக வேண்டவே வேண்டாம். கஞ்சி வடிக்கத் திரும்பும்போது கால் அதன் விளிம்பைத் தேடும். மாடுலர் அலமாரிகளில் கீழ்க் கதவு பெரும்பாலும் தரைக்கு நாலு அங்குலம் மேலேதான் தொடங்கும் என்பதால் பலகை கதவில் இடிக்காது. இருந்தாலும் ஆசாரியை ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் நானும் சமைப்பேன், மனைவியும் சமைப்பார். நான் 5 அடி 9, அவர் 5 அடி 1. எந்த முழங்கைக்குக் கட்டுவது?
– திருச்சி வாசகர்

பதில்: அதிக வேளை சமைக்கும் முழங்கைக்கு. தோற்றவருக்கு ஆறுதல் பரிசாக, காய் நறுக்க இரண்டரை அடி நீளத்துக்கு மட்டும் மேடையை உயர்த்திக் கொடுக்கலாம். நறுக்குவது நீங்கள் என்று அன்றே முடிவாகிவிடும்.

கேள்வி: மாடுலர் கிச்சன் எல்லாம் பணக்கார ஆடம்பரம் என்று மாமனார் சொல்கிறார். உண்மையா?
– மதுரை வாசகி

பதில்: அது பிறந்தது பணக்காரர் வீட்டில் அல்ல என்று மாமாவிடம் சொல்லுங்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் உழைக்கும் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் வீடுகள் கட்டினார்கள். அவற்றுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926-இல் வடிவமைத்ததுதான் ‘ஃபிராங்ஃபர்ட் சமையலறை’. அகலம் ஆறேகால் அடி, நீளம் பதினோரு அடி. மாவுக்கும் பருப்புக்கும் பெயர் போட்ட அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து காய் நறுக்க ஜன்னலோரம் ஓர் இடம், காய்த்தோல் விழ மேடையிலேயே ஒரு பள்ளம். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்த்து வடிவமைத்தார். அப்படி ஏறக்குறைய 10,000 சமையலறைகள் கட்டினார்கள். இத்தனையும் செய்தவர், அதற்கு முன் தாம் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் சொன்னார்!

ஆகவே மாடுலர் என்பதன் உயிர் பளபளக்கும் கதவில் இல்லை. அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, அரிசி டப்பாவுக்காக மண்டி போட வேண்டியிருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. மேடைக்குக் கீழே கதவு போட்ட தட்டுகளுக்குப் பதில் இழுப்பறைகள் வையுங்கள். செலவு கூடும்தான், ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய முழங்கால் ஒவ்வொரு நாளும் உங்களை வாழ்த்தும். பணம் போதாவிட்டால் மேல் அலமாரிகளின் கதவுகளை விட்டுவிடுங்கள், இழுப்பறையை விடாதீர்கள்.

கேள்வி: சமையல் மேடைக்கு வெள்ளை இத்தாலியன் மார்பிள் போட ஆசை. போடலாமா?
– சேலம் வாசகி

பதில்: புளிக்குழம்பு வைப்பீர்களா? வைப்பீர்கள் என்றால் வேண்டாம். மார்பிள் சுண்ணாம்புக் கல்லின் உறவு. புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் அந்த இடம் அரித்து மங்கிவிடும். கிரானைட்டுக்கு அந்தப் பயம் இல்லை. அதற்கு நீங்கள் இத்தாலிக்குப் போக வேண்டாம், பக்கத்தில் கிருஷ்ணகிரி வரை போனால் போதும்.

கேள்வி: ‘வாட்டர் ப்ரூஃப் ப்ளைவுட்’ என்று சொல்லித்தான் எல்லாரும் விலை சொல்கிறார்கள். எப்படி நம்புவது?
– வேலூர் வாசகர்

பதில்: வாயை நம்பாதீர்கள், பலகையின்மேல் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்றிருந்தால் அது கொதிநீர்ச் சோதனை தாங்கும் ரகம்: 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் கிடந்தாலும் பசை விடக்கூடாது. ஐ.எஸ். 303 என்றால் அதற்கு ஒரு படி கீழே. படுக்கையறை அலமாரிக்கு 303 போதும். சிங்க் அடிக்கு 710தான். முத்திரையை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வெட்டி மைக்கா ஒட்டியபின் எல்லாப் பலகையும் ஒரே முகம்தான் காட்டும். இன்னொன்று: தண்ணீர் பலகையின் முகத்தில் நுழைவதில்லை, வெட்டிய ஓரத்தில் நுழைகிறது. சிங்க் குழாய்க்காகப் போட்ட ஓட்டையின் விளிம்பை அடைத்தார்களா என்று குனிந்து பாருங்கள். மலிவு எம்.டி.எஃப். பலகை அந்த இடத்தில் ஒரு மழைக்காலத்திலேயே ஊதிவிடும்.

கேள்வி: சிம்னி வைத்த பிறகும் மிளகாய் தாளித்தால் ஹாலில் இருப்பவர்கள் இருமுகிறார்கள்.
– கோவை வாசகி

பதில்: மூன்றைப் பாருங்கள். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடைவெளி 26 முதல் 30 அங்குலத்துக்குள் இருக்கிறதா? குழாய் எத்தனை இடத்தில் வளைகிறது? ஒவ்வொரு வளைவும் இழுவையைத் தின்னும். மூன்றாவதுதான் முக்கியம்: வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். ஜன்னல்களை இறுக மூடிவிட்டுச் சிம்னியைப் போட்டால் அது எதை இழுக்கும்? எதிர்ப்பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்துத் தாளித்துப் பாருங்கள். குழாயே இல்லாத சிம்னி என்றால், அது எண்ணெய்ப் பிசுக்கை ஓரளவு பிடித்துவிட்டுக் காற்றைத் திரும்ப வீட்டுக்குள்தான் விடும். இருமலைத் தவிர்க்க முடியாது.

கேள்வி: பாத்ரூமில் குளித்து முடித்ததும் தண்ணீர் கதவோரம் வந்து நிற்கிறது. டைல்ஸ் விலையோ உச்சம்.
– ஆவடி வாசகர்

பதில்: தண்ணீர் டைல்ஸின் விலையைப் பார்ப்பதில்லை, வாட்டத்தைத்தான் பார்க்கும். கொத்தனார்கள் சொல்லும் ‘அடிக்கு ஒரு நூல்’ அருமையான கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஐந்தடி பாத்ரூமில் கதவிலிருந்து வடிகால் வரை ஐந்து நூல் இறங்க வேண்டும். குளிக்கும் மூலைக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கலாம். புதிதாகக் கட்டுபவர்கள் டைல்ஸ் பதித்த அன்றே, கலவை இறுகுவதற்குள், ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்டுபிடித்தால் உடைப்பதுதான் வழி. அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: நீர்க்காப்புப் பூச்சு பூசியதும் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்துவிடுங்கள். கீழ்வீட்டாரோடு இருபது வருஷ நட்பு அந்த ஒரு நாளில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் உடைக்க மனமில்லை என்றால், கதவோரம் கிரானைட்டில் அரை அங்குலத் தடுப்பு ஒன்று ஒட்டுங்கள். தண்ணீர் அறைக்குள் வராது. ஆனால் வயதானவர் இருக்கும் வீட்டில் இது வேண்டாம், கால் தட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. எங்களோடு வந்து இருக்கப்போகிறார். பாத்ரூமில் என்னென்ன மாற்ற வேண்டும்? பட்ஜெட் குறைவு.
– நாகர்கோவில் வாசகி

பதில்: இந்த மாத அஞ்சலில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. அப்பா வந்தபின் அல்ல, வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலை கதவு. உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். ஆசாரிக்கு அரை நாள் வேலை.

அடுத்தது கைப்பிடி. கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில். டவல் மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்துவிடாதீர்கள். அது துண்டின் எடையைத் தாங்கவே செய்தது, அப்பா பிடித்தால் கையோடு வந்துவிடும். கைப்பிடியின் திருகு டைல்ஸைத் தாண்டிச் செங்கல் சுவருக்குள் ஆழமாகப் போக வேண்டும். மாட்டியதும் நீங்களே தொங்கிப் பாருங்கள்.

கமோடு தாழ்வாக இருந்தால் மாற்ற வேண்டாம். உட்காரும் இடத்தை உயர்த்தித் தரும் தனி இருக்கை மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும். தரையிலிருந்து 17 முதல் 19 அங்குலம் இருந்தால் முழங்கால் சிரமமில்லாமல் எழும். தரை வழுக்கினால் டைல்ஸை உடைக்காமல், வழுக்காத பூச்சு பூசலாம். மிதியடியைத் தரையில் ஒட்டாத ரகமாகப் போடவே போடாதீர்கள். குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கால்கள் அகன்றதாக, நுனியில் ரப்பர் உள்ளதாக. படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கு. கடைசியில் சொன்னாலும் இதை இன்றே வாங்குங்கள்; விலை மிகக் குறைவு, பயன் மிக அதிகம்.

கேள்வி: 65 அங்குல டி.வி. வேண்டும் என்று கணவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஹால் பத்தடிதான். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்.
– பெரம்பூர் வாசகி

பதில்: மன்னியுங்கள், தீர்ப்பு அவர் பக்கம் போகிறது. டி.வி.யின் மூலைவிட்ட அளவைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் கிடைத்தால் போதும், 65-க்கு எட்டடி. அவரை இப்போது இரண்டு காலிலும் நிற்கச் சொல்லலாம். ஆனால் எங்கே மாட்டுவது என்பது உங்கள் அதிகாரம். சோபாவில் உட்கார்ந்தால் கண் எதிரே டி.வி.யின் நடுப்பகுதி வர வேண்டும், தரையிலிருந்து சுமார் 42 அங்குலம். பலர் சாமி படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்குத் தைலம் தேடுகிறார்கள்.

கேள்வி: ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் அவசியமா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: கூரை பத்தடிக்குக் குறைவென்றால் வேண்டாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்சம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி, கேட்கிறது. அதில் அரை அடியை ஜிப்சம் போர்டு எடுத்துக்கொள்ளும். மின்விசிறி காற்றை இழுக்க அதற்குமேல் ஓர் அடி வேண்டும். மிச்சக் கணக்கில், உயரமான மச்சான் வந்து கையைத் தூக்கிச் சட்டை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தப் பணத்தில் விளக்கை மாற்றுங்கள். பெட்டியில் 3000 கெல்வின் என்று போட்ட இளமஞ்சள் விளக்கு ஹாலுக்கு. 6500 போட்டால் ஹாலும் மருந்துக்கடையும் ஒன்றாகத் தெரியும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் வீடு, வெயில் தாங்கவில்லை என்பதற்காகக் கேட்டிருந்தால், மாடித்தரைக்கு வெள்ளைக் குளிர்ப்பூச்சு அடிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ட் மாற்றக்கூடாது. எங்களுக்கெல்லாம் பதில் உண்டா?
– வேளச்சேரி வாசகி

பதில்: நிச்சயம் உண்டு. மேடையில் காய் நறுக்கும்போது உங்கள் நிழலே கத்தியின்மேல் விழுகிறதல்லவா? விளக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் காரணம். மேல் அலமாரிக்கு அடியில் ஒட்டும் எல்.இ.டி. பட்டை ஒன்று வாங்குங்கள். குழாய் முனைகளில் ஏரேட்டர் திருகினால் தண்ணீர் சிதறாது, வீணாவதும் குறையும். ஜன்னல் திரையைத் தரையைத் தொடும் நீளத்தில் தையுங்கள், அறை உயரமாகத் தோன்றும். ஹால் விளக்கை மாற்றும்போது வீட்டுக்காரர் கொடுத்த பழைய பல்புகளை ஒரு பையில் போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். காலி செய்யும் அன்று அவற்றை மாட்டிக்கொடுத்துவிட்டு, உங்களுடையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.