11ஆம் நம்பர் பஸ்ஸின் பின்படி

லண்டனை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று 1995இல் கேட்டபோது, ஈஸ்ட் ஹாமில் இருந்த மாமா யோசிக்கவே இல்லை. "டூர் பஸ்ஸுக்குக் காசைக் கொட்டாதேடா. லிவர்பூல் ஸ்ட்ரீட்ல 11ஆம் நம்பர் ஏறு, ஊரே உன்னைத் தேடி வரும்" என்றார். வந்தது. பாங்க், செயின்ட் பால்ஸ், ஃப்ளீட் ஸ்ட்ரீட், டிரஃபால்கர் சதுக்கம், வெஸ்ட்மின்ஸ்டர் என்று கோத்த மணிகளாக, ஒரே டிக்கெட்டில் வந்தது.

உங்களில் சிலருக்கும் அந்த ரூட்மாஸ்டர் பஸ் நினைவிருக்கும். பின்பக்கம் கதவே இல்லாமல், திறந்த படியும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியுமாக, சிக்னலில் நின்றால் போதும், பிடித்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். நம்மூரில் இரண்டு விசில் என்றால் அங்கே இரண்டு மணி. லட்கேட் சரிவில் பஸ் இறங்கும்போது அந்தப் படியோரம் நின்றிருந்தேன். கிறிஸ்டோபர் ரென் கட்டி 1710இல் முடிந்த செயின்ட் பால்ஸ் பேராலயம், பஸ் தள்ளிப் போகப் போக, குறுகாமல் வளர்ந்தது. கிட்டே நின்றபோது தூண்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த குவிமாடம், விலக விலகத் தலைதூக்கி எழுந்தது. முகத்தில் தூறல், கையில் சில்லிட்ட கம்பி. 36 படம் எடுக்கும் ஃபிலிமில் ஒன்றை அதற்குச் செலவழித்தேன். "உள்ளே வந்து நில்லு, லவ்" என்று கண்டக்டர் அம்மா தோளைத் தொட்டார், நம்மூர் அத்தைகள் 'கண்ணு' என்பார்களே, அதே குரலில்.

டிரஃபால்கரில் இறங்கி ஒரு சின்னக் கிண்ணம் தீனி வாங்கினேன். மணிக்கட்டில் வந்து உட்கார்ந்த புறாவின் நகங்கள் இன்னும் தோலில் இருக்கின்றன. 2003இல் அங்கே தீனி போடத் தடை வந்தது. சதுக்கம் சுத்தமானது, அது நல்லதுதான். ரூட்மாஸ்டர்களும் 2005 டிசம்பரோடு வழக்கமான ஓட்டத்திலிருந்து ஓய்ந்தன. சக்கர நாற்காலி ஏற முடியாத பஸ் அது. போனதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2012இல் பின்படியோடு புது பஸ் விட்டார்கள், 2016இல் கண்டக்டர்களை எடுத்துவிட்டு, ஓடும்போது பின்படியின் கதவையும் அடைத்துவிட்டார்கள்.

போன வருஷம் மகளோடு போனபோது 11 லட்கேட் சரிவுப் பக்கமே வருவதில்லை, 26தான் போகிறது. பஸ்ஸில் காசு வாங்குவதில்லை, கார்டைத் தட்டினால் போதும். மேல்தட்டின் முன்சீட்டில் அவள் ஆசையாக உட்கார்ந்து எதிரே வருவதையெல்லாம் படம் பிடித்தாள். எனக்குத் தெரியும், பார்க்க வேண்டியது முதுகுக்குப் பின்னால் இருந்தது. சரிவு முடிந்ததும் இறங்கச் சொல்லி, மேலே கூட்டிப்போய், மறுபடி நடந்தே இறங்கினோம், பின்பக்கமாக. குவிமாடம் எழ ஆரம்பித்ததும் அவள் போனைத் தாழ்த்தினாள். "பார்த்துப்பா, ஆள் வராங்க" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பின்னால் அடி வைத்தாள்.