பெயர் முன்னே, சாலை பின்னே

அமெரிக்காவின் லிங்கன் நெடுஞ்சாலையில் ஆர்.வி. என்னும் வீட்டுவண்டியை ஓட்டிப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1913இல் அந்த நெடுஞ்சாலைக்குத் தொடக்கவிழா நடந்தபோது அங்கே சாலை இல்லை. பெயர் இருந்தது, சங்கம் இருந்தது, சங்கத்துக்குத் தலைவர் இருந்தார், நன்கொடை ரசீதும் இருந்தது. தலைவர் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பது எல்லா ஊர்ச் சங்கங்களின் நம்பிக்கை.

ஆரம்பித்துவைத்த புண்ணியவான் கார்ல் ஃபிஷர். காருக்கு முகப்பு விளக்கு விற்றுப் பணம் பார்த்தவர். இண்டியானாபொலிஸில் கார்கள் வட்டமடிக்கப் பந்தயத் தடம் கட்டியவர்களில் ஒருவர். வட்டமாகவே சுற்றினால் எத்தனை விளக்குதான் விற்கும்? நாட்டைக் குறுக்கே கடக்க ஒரு சாலை வேண்டும், ஒரு கோடி டாலர் போதும் என்று 1912இல் தொழிலதிபர்களைக் கூட்டி விருந்து வைத்தார். குட்இயர் டயர் கம்பெனித் தலைவர் இயக்குநர் குழுவைக் கேட்காமலேயே 3 லட்சம் டாலர் எழுதினார். சாலை இருந்தால்தானே டயர் தேயும்! குடியரசுத் தலைவர் வில்சனும் தாராளமாக 5 டாலர் கொடுத்தார். ஹென்றி ஃபோர்டு மட்டும் கையை விரித்தார். சாலை போடுவது அரசாங்கத்தின் வேலை, தனியார் போட ஆரம்பித்தால் ஜனங்கள் வரி கொடுத்துப் போடவே பழகமாட்டார்கள் என்றார். ஏழை பணம் தராவிட்டால் கஞ்சத்தனம், கோடீஸ்வரர் தராவிட்டால் கொள்கை.

பேக்கார்டு கார் கம்பெனியின் ஹென்றி ஜாய் சங்கத்தின் தலைவரானார். ஆபிரகாம் லிங்கன் பெயரை வைக்கச் சொன்னவரும் அவர்தான். லிங்கன் போய்ச் சேர்ந்து 48 வருஷம் ஆகியிருந்ததால் ஆட்சேபணை எழவில்லை. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடியும் 3,389 மைல் கோட்டை வரைபடத்தில் இழுத்தார்கள். கோடு பிரமாதம். மேற்கே போகப் போகத் தரையில்தான் அதைக் காணோம். அதற்கு முன்பே ஒருமுறை ஜாய் ஓமாஹாவில் மேற்கே போக வழி கேட்டிருக்கிறார். வேலி வந்தால் பிரித்துவிட்டுப் போங்கள், அடுத்த வேலியையும் பிரியுங்கள் என்பதுதான் கிடைத்த பதில். வழி சொன்னவர் அவருடைய கம்பெனிக் காரையே விற்கும் ஏஜென்ட்!

காசு போதவில்லை. அதற்கும் ஒரு யுக்தி பிறந்தது. இலவசமாக வந்த சிமென்ட்டை வைத்து 1914இல் இல்லினாய்ஸின் மால்டா ஊரருகே 'விதை மைல்' போட்டார்கள். இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் சேறு, நடுவில் ஒரே ஒரு மைல் கான்கிரீட். ஒரு கரண்டி பாயசத்தை நாக்கில் தடவிவிட்டு, மீதியை நீங்களே காய்ச்சிக்கொள்ளுங்கள் என்ற கதை. ஆச்சரியம் என்னவென்றால், ஜனங்கள் காய்ச்சவும் தொடங்கினார்கள்.

ஆர்.வி.க்காரர்களின் மூதாதை ஒருவர் இந்தச் சேற்றுக்காலத்தில்தான் கிளம்பினார். ரோலண்ட் காங்க்லின் ஒரு பஸ் கம்பெனி முதலாளி. 1915 ஆகஸ்டில் குடும்பத்தோடு மேற்கே போக, 25 அடி நீளம், 8 டன் எடையில் 'ஜிப்ஸி வேன்' செய்தார். சமையலறை, ஜெனரேட்டர், மின்விளக்கு, படுக்கைகள், புத்தக அலமாரி, கிராமஃபோன், போதாக்குறைக்கு மொட்டைமாடித் தோட்டம். இன்றைய சினிமாக் கதாநாயகர்களின் கேரவனில்கூடத் தோட்டம் கிடையாது. வழியெங்கும் ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வீட்டைவிட்டு இயற்கையை நாடிப் போகிறவர் வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும் வழக்கம் அன்றைக்கே பிறந்துவிட்டது.

காங்க்லின் அவசரப்பட்டுவிட்டார். மறு வருஷம் சங்கத்தின் வழிகாட்டி நூல் புதிய பதிப்பாக வெளிவந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டாலருக்கு மேல் செலவாகாது, 20 முதல் 30 நாளில் போய்விடலாம் என்றது. வழியில் தண்ணீர் குறுக்கிட்டால் முதலில் நீங்கள் இறங்கி நடந்து ஆழம் பாருங்கள், பிறகு காரை இறக்குங்கள். எங்கே பெட்ரோல் கிடைத்தாலும் நிரப்புங்கள். புதுச் செருப்பு வேண்டாம். மண்வெட்டி, கோடரியோடு லிங்கன் நெடுஞ்சாலைக் கொடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். யூட்டா பாலைவனத்தில் ஃபிஷ் ஸ்பிரிங்ஸ் அருகே மாட்டிக்கொண்டால் புதரைக் கொளுத்துங்கள், தாமஸ் என்பவர் குதிரைகளோடு வருவார், 20 மைல் தள்ளியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியும். சாலையோர உதவி மையத்துக்கு இதைவிட எளிய எண் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

1919இல் ராணுவம் 81 வண்டிகளோடு வாஷிங்டனிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் இதே வழியில் சான் பிரான்சிஸ்கோ போனது. 62 நாள். மணிக்குச் சுமார் 6 மைல். பாலங்கள் உடைந்தன, வண்டிகள் புதைந்தன. கூடப் போன 28 வயது அதிகாரி ஐசன்ஹோவர், பொழுது போகாமல், செவ்விந்தியர் தாக்க வருவதுபோல இரவில் ஊளையிட்டுக் கிழக்கத்தி அதிகாரிகளைக் கதிகலங்க வைத்தார். தாக்குதல் செய்தி தந்தியில் ஏறி வாஷிங்டன் போய்விடாமல் தடுப்பதுதான் பிறகு அவருக்குப் பெரும்பாடாயிற்று. 1956இல் அவரே அதிபராக இருந்து கையெழுத்திட்ட சட்டத்தால்தான் 41,000 மைல் இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்தன. 62 நாள் குலுங்கிய இடுப்பு எதையும் மறப்பதில்லை.

இன்று போகிறவர்களுக்கு ஒரு சிக்கல். குட்இயர் பணம் விழுங்கிய யூட்டா பாதை இப்போது ராணுவச் சோதனைக் களத்துக்குள் இருக்கிறது. அங்கே புதரைக் கொளுத்தினால் வருகிறவர் தாமஸாக இருக்கமாட்டார். ஆகவே வெண்டோவர் வழியாகச் சுற்றிப் போங்கள். யூட்டா அரசு அன்றைக்கு விரும்பியதும் அந்த வழியைத்தான், சங்கம்தான் கேட்கவில்லை.

நெவாடாவில் பழைய தடத்தின் பெரும்பகுதி யு.எஸ். 50 ஆகிவிட்டது. 1986இல் 'லைஃப்' பத்திரிகை அதை அமெரிக்காவிலேயே தனிமையான சாலை என்று எழுதியது. பார்க்க ஒன்றுமில்லையாம். மாநிலத்தார் கோபித்துக்கொள்ளவில்லை. அதையே பலகையில் எழுதி நட்டார்கள். பயணிகளுக்குப் புத்தகம் அச்சிட்டு, ஊருக்கு ஊர் முத்திரை குத்தி, கடந்து முடித்தவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். இல்லாத சாலையை ஃபிஷர் விற்றார், ஒன்றுமில்லாத சாலையை நெவாடா விற்கிறது. ஆர்.வி.யில் சுவர் இருக்கிறதல்லவா? சான்றிதழை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.